அருங்காட்சியகத்தின் பின்கட்டுக்குள் போவது எப்படி?

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது முன்கட்டு மட்டும்தான். லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பாதுகாத்து வைத்த உயிரினங்கள், எலும்புகள், கற்கள் என்று சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கும் மேல். கூடத்தில் காட்சிக்கு வைத்திருப்பது அதில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் பின்கட்டில் இழுப்பறைகளிலும் ஜாடிகளிலும் இரும்பு அலமாரிகளிலும் கிடக்கிறது.

அங்கே போக வழி இருக்கிறது, அதை யாரும் ஒரே இடத்தில் எழுதி வைப்பதில்லை. பொது மின்னஞ்சலுக்கு நான் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். வரவேற்பு மேசையில் கேட்டால் கல்விப் பிரிவைக் கைகாட்டினார்கள். கல்விப் பிரிவு ஆய்வுப் பிரிவைக் கைகாட்டியது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எந்தக் கதவு வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

"உள்ளே பார்க்கணும்" என்று பொதுவாகக் கேட்டால் வேலை நடக்காது. பின்கட்டுக்கு நான்கு கதவுகள் உண்டு, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள் திறக்கிறார். வேடிக்கை பார்க்க ஆசை என்றால் வழிகாட்டிச் சுற்று. அதைப் பார்வையாளர் சேவைப் பிரிவு நடத்தும். கையில் ஒரு கல்லோ எலும்போ பூச்சியோ இருக்கிறது, அது என்னவென்று தெரிய வேண்டும் என்றால் அடையாளம் காணும் சேவை. வாரந்தோறும் போய் வேலை செய்ய விருப்பமென்றால் தன்னார்வலர் பிரிவு. குறிப்பிட்ட மாதிரிகளைக் கையில் எடுத்து ஆராய வேண்டும் என்றால் அந்தச் சேகரிப்பின் மேலாளர்.

சேகரிப்பு மேலாளரும் காப்பாட்சியரும் ஒருவரே என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் ஆய்வு செய்பவர், பாதி நாள் களத்தில் இருப்பார். எந்த ஜாடி எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த வாரம் மேசை காலியாக இருக்கும் என்பதெல்லாம் சேகரிப்பு மேலாளருக்குத்தான் தெரியும். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் துறைவாரியாகப் பணியாளர் பட்டியல் இருக்கும். உங்கள் விலங்கோ தாவரமோ எந்தத் துறையில் வருகிறது என்று பார்த்து, அவருக்கு நேரடியாக எழுதுங்கள்.

2. சாதாரண டிக்கெட்டில் பார்க்க முடிவதை விட்டுவிடாதீர்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எத்தனாலில் ஊறும் மீன்களும் பாம்புகளும் நண்டுகளுமாக 2,76,000 ஜாடிகள் ஒரு பெரிய கண்ணாடி அறைக்குள் இருக்கின்றன. அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் டிஎன்ஏ ஆய்வகத்தையும் புதைபடிவம் சுத்தம் செய்யும் ஆய்வகத்தையும் கண்ணாடி வழியே பார்க்கலாம். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2023இல் திறந்த கில்டர் மையத்திலும் சேகரிப்பின் ஒரு பகுதி கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. ஸ்மித்சோனியனின் ஃபாசிலேப் என்ற புதைபடிவ ஆய்வகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாறையைச் சுரண்டுபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

வார நாளில், காலையில் போங்கள். வார இறுதியில் இந்த ஆய்வகங்களில் பல காலியாக இருக்கும், நீங்கள் வெறும் மேசையைத்தான் பார்ப்பீர்கள்.

3. வழிகாட்டிச் சுற்றுக்குப் பதிவு செய்தல்

சுற்றுக்கான சீட்டு பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தில் சேராது, தனிக் கட்டணம். ஒரு குழுவில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சீட்டுகளைத் தவணை தவணையாக வெளியிடுவார்கள். உறுப்பினர்களுக்கு முதலில், பொதுமக்களுக்குப் பிறகு. ஒரு குடும்பமே போவதாக இருந்தால் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராவது சில இடங்களில் மலிவாக முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உறுப்பினர்களுக்கென்றே பின்கட்டைத் திறந்துவிடும் மாலைகளும் உண்டு. ஃபீல்டு அருங்காட்சியகத்தில் அது பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கம்.

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் நாள்காட்டியைப் பாருங்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். ஐரோப்பாவில் மே மாதத்திலேயே அருங்காட்சியக இரவும் வரும். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பல இடங்களில் அன்றைக்குத் திறப்பார்கள், விஞ்ஞானிகளே மேசை போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டம் தாங்காது என்பது மட்டும்தான் குறை.

பதிவு செய்யும்முன் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது வயது வரம்பு. குழந்தைகளை எல்லாச் சுற்றுக்கும் விட மாட்டார்கள். எத்தனால் ஜாடி அறைக்கு இன்னும் கறாராக இருப்பார்கள். அந்த ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் அறையைக் குளிராகவே வைத்திருப்பார்கள், மெல்லிய மேலாடை ஒன்று கையில் இருக்கட்டும். கருவுற்றிருப்பவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, படிக்கட்டும் குறுகலான நடைபாதையும். பழைய கட்டடங்களின் பின்கட்டில் லிஃப்ட் இருக்கும் என்று நம்ப முடியாது. மூன்றாவது, பணம் திரும்பக் கிடைக்கும் விதி. பராமரிப்பு வேலை, ஆள் பற்றாக்குறை என்று சுற்று ரத்தாவது சகஜம்.

லண்டனில் இந்தச் சுற்றுக்குப் போனால் 8.62 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கணவாய் ஒன்றைப் பார்க்கலாம். ஆர்ச்சி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அது ஒன்றுக்காகவே போகலாம் என்பது என் கட்சி.

4. ஒரு பொருளை அடையாளம் காணக் கொண்டு போவது

முதலில் படம் அனுப்புங்கள். நான்கு பக்கமும் எடுத்த படம், பக்கத்தில் ஓர் அளவுகோல், எங்கே எப்போது கிடைத்தது என்ற விவரம். இந்த விவரம் இல்லாத பொருளுக்கு ஆய்வு மதிப்பு ஏறக்குறைய இல்லை. எவ்வளவு அழகான வண்டாக இருந்தாலும் கிடைத்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

நேரில் கொண்டு போவதானால் அதற்கென்று அறிவித்த நாளில் போங்கள். திடீரென்று பையோடு போய் நின்றால் வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள், அதற்குக் காரணமும் உண்டு. அருங்காட்சியக வண்டு என்றே பெயர் பெற்ற ஒரு பூச்சி இருக்கிறது. அதன் புழு காய்ந்த பூச்சிகளையும் இறகையும் தோலையும் தின்னும். ஓர் இழுப்பறைக்குள் புகுந்தால் தூள்தான் மிஞ்சும். அதனால் வெளியிலிருந்து வரும் எதையும் உறைபெட்டியில் போட்ட பிறகுதான் உள்ளே எடுப்பார்கள்: மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள் போல, மைனஸ் 20 என்றால் ஒன்றிரண்டு வாரம். உங்கள் பொருள் உடனே திரும்பி வராது என்பதற்கும் இதுதான் காரணம்.

வழக்கமான பொறிகள் சில. எலும்பைக் கொதிக்க வைக்காதீர்கள், பிளீச்சில் போடாதீர்கள். புதைபடிவத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்; உடைந்திருந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டவும் வேண்டாம். ஆய்வகத்தில் பாராலாய்டு போல, தேவைப்பட்டால் கரைத்து எடுக்கக்கூடிய பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். எத்தனால் நிரப்பிய புட்டியும் சாதாரணத் தபாலில் போகாது. இறகு, முட்டை, கூடு, பவளம் விஷயத்தில் கையில் வைத்திருப்பதே குற்றமா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. எல்லை தாண்டிக் கொண்டு போவதானால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை குறுக்கே வரும்.

விண்கல் என்று நினைத்துக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொண்டு வரப்படுவதில் மிகப் பெரும்பாலானவை உலைக் கசடு அல்லது இரும்புத் தாதுதான். காந்தம் ஒட்டுவது மட்டும் சான்று ஆகாது. அப்புறம், "இது என்ன விலை போகும்?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் விலை மதிப்பிடுவதில்லை, கேட்டதும் பேச்சின் சூடு குறைந்துவிடும்.

பொருளைக் கொடையாகவே கொடுக்க விரும்பினால் கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உரிமை முழுவதும் அவர்களுக்குப் போய்விடும். காட்சிக்கு வைத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டால் ஏற்க மாட்டார்கள். எடுத்த நிலத்தின் உரிமையாளர் சம்மதமும், தேவையான இடத்தில் அரசு அனுமதியும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

5. தன்னார்வலராகச் சேர்வது

இதற்குப் பணம் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். ஆள் எடுப்பதை ஆண்டில் ஓரிரு முறைதான் அறிவிப்பார்கள். விண்ணப்பத்தோடு புகைப்பட அடையாள அட்டை, இரண்டு பேரின் பரிந்துரை, பல நாடுகளில் காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். சரிபார்ப்புக்கே சில வாரம் ஓடிவிடும், அதற்குக் கட்டணம் யார் கட்டுவது என்று முன்பே கேளுங்கள். பிறகு பாதுகாப்புப் பயிற்சி. வாரத்தில் அரை நாளாவது, பல மாதங்கள் தொடர்ந்து வர வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு; "விடுமுறையில் ஒரு வாரம் வருகிறேன்" என்றால் எடுபடாது, ஏனென்றால் பயிற்சி கொடுக்கவே அந்த ஒரு வாரம் போய்விடும்.

முதல் நாளே டைனோசர் எலும்பைக் கையில் கொடுப்பார்கள் என்று போகாதீர்கள். மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டு எழுதுவது, பழைய சீட்டைப் படித்துக் கணினியில் ஏற்றுவது, செடிகளைக் காகிதத்தில் ஒட்டுவது, ஜாடிகளில் எத்தனால் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது, இவைதான் வேலை. காற்றழுத்தத்தில் அதிரும் சிறு உளியை வைத்துப் பாறையிலிருந்து எலும்பை விடுவிக்கும் வேலைக்கு வர நாளாகும், வந்தாலும் ஒரு விரல் எலும்புக்கே வாரக்கணக்கில் ஆகலாம். எனக்குப் பிடித்தது சீட்டு படிக்கும் வேலை. கையெழுத்து புரிய ஆரம்பித்துவிட்டால் விட மனம் வராது.

அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். நோட்ஸ் ஃப்ரம் நேச்சர், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் டிஜிவோல், ஸ்மித்சோனியனின் படியெடுப்பு மையம் என்ற மூன்று இணையதளங்களிலும் மாதிரிச் சீட்டுகளின் படங்களையும் களக் குறிப்பேடுகளையும் பார்த்துத் தட்டச்சு செய்யலாம். விண்ணப்பம் இல்லை, செலவில்லை. வெளியில் சுற்றப் பிடித்தவர்களுக்கு ஏப்ரல் கடைசியில் வரும் சிட்டி நேச்சர் சேலஞ்ச் இருக்கிறது; ஊரில் காணும் உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் போட்டி அது. கலிஃபோர்னியாவின் இரண்டு அருங்காட்சியகங்கள் 2016இல் தொடங்கியது, இன்று பல நாட்டு நகரங்களில் நடக்கிறது. பின்னாளில் தன்னார்வலர் விண்ணப்பத்தில் முன்னனுபவமாக இவற்றைக் காட்டலாம். வெறுமனே "இயற்கையில் ஆர்வம் உண்டு" என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

6. மாதிரிகளை ஆராய அனுமதி கேட்பது

பட்டம் பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதவு என்பது பொதுவான எண்ணம். அப்படியில்லை. பூச்சி பார்ப்பவர், பறவை ஓவியர், உள்ளூர்த் தாவரப் பட்டியல் தயாரிப்பவர் என்று தெளிவான தேவையோடு வருகிறவர்களுக்கும் திறக்கிறது. தேவை தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, மாதிரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஜிபிஐஎஃப் (GBIF) தரவுத்தளத்தில் உயிரினத்தின் அறிவியல் பெயரைப் போட்டுத் தேடி, அருங்காட்சியக மாதிரிகளை மட்டும் வடிகட்டினால் எந்த அருங்காட்சியகத்தில், எந்தப் பட்டியல் எண்ணில் இருக்கிறது என்று வரும். இலவசம்தான். எல்லா மாதிரியும் அதில் ஏறவில்லை என்பதால் பட்டியலில் இல்லாததைக் கடிதத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பெரிய பொறி. சேகரிப்பு அருங்காட்சியகத்தின் முகவரியிலேயே இருக்கும் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். லண்டன் அருங்காட்சியகத்தின் பறவைத் தோல்கள் லண்டனில் இல்லை, ட்ரிங் என்ற ஊரில் இருக்கின்றன. ஸ்மித்சோனியனின் சேகரிப்பில் கணிசமான பகுதி வாஷிங்டனுக்கு வெளியே, மேரிலாந்தின் சூட்லாண்டில் இருக்கிறது. இது போதாதென்று, சேகரிப்புகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் காலங்களில் சில துறைகளில் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, யாரையும் விட மாட்டார்கள். தேதி எழுத்தில் உறுதியாகும் வரை ஒரு காசு செலவு செய்யாதீர்கள்.

கடிதம் எழுதும்போது சுற்றி வளைக்க வேண்டாம். கீழே உள்ளது போல இருந்தால் போதும்:

"வணக்கம். உங்கள் சேகரிப்பில் உள்ள மரங்கொத்திகளின் 12 தோல் மாதிரிகளைப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். பட்டியல் எண்களை இணைத்துள்ளேன். அலகு, இறக்கை ஆகியவற்றின் நீளத்தை அளக்கவும் புகைப்படம் எடுக்கவும் வேண்டும். எதையும் வெட்டவோ திசு எடுக்கவோ தேவையில்லை. இரண்டு நாள் போதும். மார்ச் இரண்டாம் வாரம், அல்லது ஏப்ரல் முதல் வாரம் எனக்கு வசதி. அளவுக் கருவியையும் கேமராவையும் நானே கொண்டு வருவேன். ஒரு பக்க ஆய்வுக் குறிப்பும் அறிமுகக் கடிதமும் இணைப்பில் உள்ளன."

இதில் "திசு எடுக்கத் தேவையில்லை" என்ற வரி முக்கியமானது. டிஎன்ஏவுக்காகச் சிறு துண்டு வெட்டுவதும் அழிக்கும் வகை ஆய்வில் சேரும். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் குழு, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஒரு நாட்டின் மரபணு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தபின், மாதிரி எந்த நாட்டிலிருந்து வந்தது, அந்த நாட்டின் அனுமதி உண்டா என்றும் கேட்கிறார்கள். அளப்பதும் படம் எடுப்பதும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் கடிதத்தைப் படிப்பவருக்குப் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

அறிமுகக் கடிதம் ஒரு கல்லூரியிலிருந்தோ ஆய்வு நிறுவனத்திலிருந்தோ வந்தால் எளிது. அது இல்லாதவர்கள் இயற்கை ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்து அங்கிருந்து வாங்கலாம், ஏற்கெனவே அந்த அருங்காட்சியகத்தில் வேலை செய்த ஒருவர் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. குறைந்தது ஆறு வாரம் முன்னால் எழுதுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் கீழேயே பணிவாக நினைவூட்டலாம், தவறில்லை. கோடைக் காலத்தில் பாதிப் பேர் களத்தில் இருப்பார்கள், ஆண்டுக் கடைசியில் விடுமுறை, இரண்டையும் தவிருங்கள்.

உட்கார்ந்து ஆராயும் மேசைக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. செலவு வருவது வேறு பக்கம்: பயணம், தங்குமிடம், எடுத்த படத்தைப் புத்தகத்தில் போட உரிமைக் கட்டணம். மாதிரியை இரவலாகக் கேட்டால் தனி நபருக்குக் கொடுக்க மாட்டார்கள், நிறுவனத்துக்குத்தான் அனுப்புவார்கள். சில அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பயண உதவித்தொகை தருகின்றன. அதற்குக் கடைசித் தேதி வருகைக்குப் பல மாதம் முன்னதாக இருக்கும்.

7. உள்ளே போன பிறகு

அடையாள அட்டையை மறக்காதீர்கள். பையும் கோட்டும் பூட்டறையில் தங்கிவிடும். தின்பண்டம், தண்ணீர், பூ எதற்கும் அனுமதியில்லை. பூவுக்கு ஏன் தடை என்றால், மேலே சொன்ன அருங்காட்சியக வண்டு வளர்ந்தபின் மகரந்தம் தின்கிறது, பூவோடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்துவிடும். பேனா வேண்டாம், பென்சில் மட்டும். தொங்கும் துப்பட்டா, நீளமான மாலை, அகலக் கை வைத்த சட்டை எல்லாம் ஊசி குத்திய பூச்சிகளுக்கு எமன்.

கையுறை கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பாடம் செய்த பழைய விலங்குகளிலும் பறவைத் தோல்களிலும் ஆர்சனிக் இருக்கும், பழைய தாவரத் தாள்களில் பாதரச உப்பு இருக்கலாம். முகத்தைத் தொடாதீர்கள், வெளியே வந்ததும் கையைக் கழுவுங்கள்.

பறவைத் தோலைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு கையும் கொடுத்து எடுங்கள். பூச்சி இழுப்பறையை மெதுவாக இழுங்கள், திறந்த பெட்டியின்மேல் குனிந்து பேசாதீர்கள். ஒரு தும்மலில் கால்கள் உதிரும். சிவப்புச் சீட்டு இருந்தால் அது வகை மாதிரி, அதாவது அந்த இனத்தின் பெயரே அந்த ஒற்றை உடலைச் சார்ந்து நிற்கிறது. அதைக் கேட்காமல் தொடாதீர்கள். எந்தச் சீட்டையும் மாதிரியிலிருந்து பிரிக்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட.

சீட்டில் உள்ள பெயர் தவறு என்று உங்களுக்குப் பட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். சேகரிப்பு மேலாளரிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால், நீங்கள் கருதும் பெயர், உங்கள் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதிய புதுச் சீட்டைப் பழையதோடு சேர்த்து வைப்பார்கள். பழையது அங்கேயே இருக்கும்.

எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். எந்த இடம் என்று சந்தேகம் வந்தால் நீங்களாக வைக்காமல் மேசையிலேயே விட்டுச் சொல்லிவிடுங்கள். கிளம்பும்முன் நீங்கள் பார்த்த ஒவ்வொரு மாதிரியின் பட்டியல் எண்ணும் உங்கள் குறிப்பில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிடுங்கள். கட்டுரை எழுதும்போது அந்த எண்களை அப்படியே குறிப்பிட வேண்டும், வெளிவந்ததும் ஒரு பிரதியைச் சேகரிப்பு மேலாளருக்கு அனுப்ப வேண்டும். அனுமதிப் படிவத்தில் இது பெரும்பாலும் ஒரு நிபந்தனையாகவே இருக்கும். அதைச் செய்யாதவர்களின் அடுத்த விண்ணப்பம் அடியிலேயே கிடக்கும்.